எத்தனை நாள் என்று கேட்காமல் ஒரு கட்டில்

1

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை முற்பகலில், ஒரு மரச்சாமான் கடையின் இரண்டாம் மாடியில், எழுபது வயதை நெருங்கிய பெண்மணி ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த இரட்டைக் கட்டிலில் படுத்திருந்தார். நான் புத்தக அலமாரி வாங்கச் சென்றிருந்தேன். அலமாரிகள் முதல் மாடியில் இருந்தன. இரண்டாம் மாடிக்கு ஏறியது என் கவனக்குறைவு. இக்கதை பிறந்த இடமும் வேளையும் இவையே. இவ்வளவுதான் நான் கண்டது. இனி வருவன அனைத்தும் நான் கட்டியவை.

அவர் கட்டிலின் நடுவில் படுக்கவில்லை. ஓரமாக ஒருக்களித்து, முதுகுக்குப் பின்னால் மறுபாதியை முழுவதும் காலியாக விட்டிருந்தார். விற்பனையாளர் பக்கத்தில் நின்றுகொண்டு கெஞ்சினார்.

"நடுவுல படுங்க மேடம். அப்பதான் மெத்தையோட அருமை தெரியும்."

"நடுவுல படுக்கறதுக்கு எதுக்குப்பா ரெண்டு பேர் கட்டில்?"

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தவர், தாம் கசக்கிய விரிப்பை ஒரே வீச்சில் நீவி, மூலையைக் கடித உறைபோல் மடித்து மெத்தைக்கு அடியில் செருகினார். வீட்டில் பழகிய கை அப்படி மடிப்பதில்லை. பல்லாண்டுகள் பிறருடைய படுக்கைகளை விரித்த கை அது. அந்த ஒரு மடிப்பை நம்பி அவரைத் தலைமைச் செவிலியர் ஆக்கியிருக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். தவறானால் அந்த அம்மையார் என்னை மன்னிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கத்தை இவ்வாறு எழுதினேன்: "அந்த வீட்டில் ஓர் அறை யாருக்காகவோ காத்திருந்தது."

அடித்துவிட்டேன். அறைகள் காத்திருப்பதில்லை. மனிதர்கள் காத்திருக்கிறார்கள், அறைகளில் தூசிதான் சேர்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "மூத்தவருக்குத் தம் தங்கைமீது இருந்த பாசம்—"

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முதல் வரியிலேயே பாசத்தைக் கடைபரப்பும் கதைக்கு மூன்றாம் பக்கத்தில் விற்கச் சரக்கு இராது.

மூன்றாவது நின்றது. நின்றதற்குக் காரணம் அதில் அழகு ஏதுமில்லை என்பதே: "தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற மூத்தவரின் வீட்டில், எட்டடிக்கு ஏழடி அளவில் ஓர் அறை மிகுதியாக இருந்தது."

அந்த அறையில் ஒரு சன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரும், அச்சுவரில் இறங்கும் தண்ணீர்க் குழாயும். உட்புறமாகத் திறக்கும் கதவு. மழை நாள்களில் துணி உலர்த்தக் குறுக்கே கட்டிய கொடி. இஸ்திரி மேசை. அடைத்துவைத்த அட்டைப் பெட்டிகள். மணமாகாத மூத்தவர் அந்த வீட்டில் தனியே இருந்தார். 'தனியே' என்ற சொல்லை எழுதியபின் அருகில் 'நிம்மதியாக' என்று சேர்த்தேன்; பிறகு அதை எடுத்துவிட்டேன். இரண்டும் உண்மை. ஆயினும் ஒரே வாக்கியத்தில் இருத்தியபோது, ஒன்று மற்றொன்றைத் தள்ளியது.

[பெயர்களைக் குறித்து ஒரு சொல். இவர்களை மூத்தவர் என்றும் இளையவள் என்றும் மட்டுமே எழுதுவேன். இளையவளுக்கும் அறுபத்து நான்கு வயது. அவளையும் 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால் இக்கதையை நாம் மூத்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். அங்கிருந்து பார்த்தால், அவள் இன்னும் பல் துலக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவள்.]

3

இளையவள் பேருந்தில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்தாள். மணமான நாள் முதல் அவள் அக்காள் வீட்டில் ஓரிரவும் தங்கியதில்லை. வருவாள், சிரிப்பாள், சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பாள், மாலையானதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"அவருக்கு இடம் மாறினா தூக்கம் வராதுக்கா."

"அவருக்கு வரலைன்னா நீ ஏன்டி ஓடறே? நீ இரு, அவர் போகட்டும்."

"நான் இல்லைன்னாலும் வராதாம்."

"பாவம், குழந்தை."

இந்தக் கடைசிச் சொல்லை மூத்தவர் அவ்வளவு இனிமையாகச் சொல்வதில்லை என்பதைப் படிப்பவர் குரலிலேயே அறிவார்.

அந்த மனிதர் நல்லவர். குடிப்பவரல்லர், அடிப்பவரல்லர். உறக்கம் வராத ஒரு மனிதர், அவ்வளவே. ஒரு பெண்ணை அவளுடைய அக்காளிடமிருந்து வாழ்நாள் முழுவதும் பிரித்துவைக்கக் கொடுமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓர் எளிய, மறுக்க முடியாத, நாள்தோறும் மாலையில் வரும் காரணம் போதுமாயிருந்தது.

இனி, நான் எழுதி அடித்து மீண்டும் எழுதிய வாக்கியம். தங்கையின் கணவர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, மூத்தவரின் மனத்தில் முதலில் தோன்றியது அந்தச் சிறிய அறை.

அடித்ததற்குக் காரணம்: அது அவரை இழிவாகக் காட்டும் என்று அஞ்சினேன். மீண்டும் எழுதியதற்குக் காரணம்: அஞ்சி அடித்த வாக்கியம் இல்லாமல் மற்ற வாக்கியங்கள் நடக்க மறுத்தன. துக்கம் அவருக்கு இரண்டாவதாக வந்தது. வெகு அருகில், ஆனால் இரண்டாவதாக. தம் மனம் வரிசை மாறி நின்றதை அவர் கண்டார். கொடியில் கிடந்த துணிகளை அன்றே எடுத்து மடித்தார், மடித்துக்கொண்டே அழுதார். எதற்காக அழுதார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எட்டு மாதங்கள் கழிந்தன. தொலைபேசியில் இருவரும் பேசியது:

"ஒரு தடவை வந்து இருந்துட்டுப் போயேன்டி."

"வர்றேன்க்கா."

"வர்றேன் வர்றேன்னுதான் சொல்றே. வர்ற வழியைக் காணோம்."

"இனிமே என்ன சாக்கு இருக்கு எனக்கு? வந்துதானே ஆகணும்."

பிறகு இளையவளே கேட்டாள்.

"படுக்க இடம் இருக்கா, இல்ல அந்த அட்டைப்பெட்டி மேலதான் படுக்கணுமா?"

"வா. வந்து பாரு."

4

இவ்வாறாக மூத்தவர் கடைக்குப் போனார்.

"யாருக்கு மேடம் கட்டில்?"

"வர்றவங்களுக்கு."

"கெஸ்ட் ரூமா? எத்தனை நாள் தங்குவாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க?"

"அதுக்குத் தக்கபடிதானே மேடம் கட்டில்! ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரின்னா இந்த சோபா கம் பெட் போதும். பகல்ல மடிச்சு வச்சுடலாம். ஒரு வாரம்னா அதோ அது. மாமனார் மாமியார் மாதிரின்னா…" விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப சொகுசு காட்டிடாதீங்க. அப்புறம் எழுந்து போகவே மாட்டாங்க."

"எழுந்து போகாம இருக்கறதுக்கு எந்தக் கட்டில்?"

விற்பனையாளர் சிரித்தார். மூத்தவர் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அளவுநாடாவை எடுத்தார்.

"அப்படின்னா ரெண்டு பேர் கட்டில்தான் மேடம், தாராளமா இருக்கும். ஆனா உங்க ரூம் எட்டுக்கு ஏழுன்றீங்க. போட்டா கதவு பாதிதான் திறக்கும். வர்றவங்க உடம்பை ஒருபக்கமாத் திருப்பித்தான் உள்ள நுழையணும்."

"சின்னது போட்டா?"

"சின்னது அம்சமா இருக்கும். ஒரு ஆள்தானே வர்றாங்க?"

மூத்தவர் இரண்டு கட்டில்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒற்றைக் கட்டில், "நீ தனி ஆள்" என்று இளையவள் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடும். இரட்டைக் கட்டில் அதையே அவள் படுத்தபின் சொல்லும். எது இரக்கமானது? அதை அறியத்தான் அவர் படுத்தார். கடையில் நான் கண்டபோது ஓரமாக ஒருக்களித்திருந்தது தமக்காக அன்று. இளையவள் எப்படிப் படுப்பாள் என்று அவர் படுத்துப் பார்த்தார். அவளுக்காகப் படுத்துப் பார்த்ததும், முதுகுக்குப் பின்னால் அந்த மறுபாதி அவருக்குக் குளிர்ந்தது.

"அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன் மேடம்," என்றார் விற்பனையாளர்.

அதுதான் முடியாது. "எத்தனை நாள் இருப்பாய்?" என்று நம்மில் யாரும் விருந்தினரைக் கேட்பதில்லை. கேட்டால், "எப்போது கிளம்புவாய்?" என்றே காதில் விழும். விருந்தினர் தாமாகச் சொல்ல வாயெடுத்தாலும், "இப்பத்தானே வந்தே, அதுக்குள்ள என்ன போற பேச்சு?" என்று அடக்கிவிடுவோம். இந்த நாகரிகத்தால், எவர் எவ்வளவு காலம் தம்முடன் இருக்க விரும்புகிறார் என்பதை அறியாமலே நாம் வாழ்ந்து முடிக்கிறோம். மூத்தவர் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று: இளையவள் திரும்பிப் போகாமல் இருப்பாளா? அதைக் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. கட்டில்தான் கேட்க வேண்டும்.

ஆகவே அன்று அவர் எதையும் வாங்கவில்லை.

5

இங்கே அவர் ஒரு தவறு செய்கிறார். என் கைப்பிரதியை முதலில் படிக்கும் மெய்ப்புத் திருத்துநர் இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டார்.

"அம்மா, இதை யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு ஹெட் நர்ஸ் இவ்வளவு பெரிய தப்பு பண்ணுவாங்களா?"

"ஹெட் நர்ஸ்தான் பண்ணுவாங்க. வேற யார் பண்ணுவா?"

"வாசகர் கேட்டா?"

"கேக்கட்டும். நீங்க ஒற்றுப்பிழையைப் பாருங்க."

தவறு இது. எவ்வளவு காலம் என்று தெரியாத ஒருவருக்கு எந்தக் கட்டில் நல்லது என்று மூத்தவர் தம் அறிவைக் கேட்டார். அவருடைய அறிவுக்கு அந்தக் கேள்வி புதிதன்று. வார்டில் வந்து படுத்தவர் எவரும் தாம் எத்தனை நாள் இருப்போம் என்று அறிந்து வந்தவரல்லர். அவர்களுக்கு ஏற்ற கட்டில் எது என்பதை மூத்தவர் உறக்கத்திலும் சொல்வார்: முழங்காலுக்குச் சரியான உயரம், முதுகை நிமிர்த்தக் கைப்பிடி, அடியில் பெருக்க இடம், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மருத்துவமனைகளுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். வெள்ளை வண்ணம் பூசிய இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கினார். சலைன் பாட்டில் மாட்டும் கம்பி வேண்டாம் என்று சொன்னார். அதை மட்டும் வேண்டாம் என்றதால், வீட்டுக்கு ஏற்றதாகவே வாங்கிவிட்டோம் என்று நம்பினார்.

அறையில் அது கச்சிதமாகப் பொருந்தியது. கதவு முழுவதும் திறந்தது. விரிப்பை விரித்து, நான்கு மூலைகளையும் மடித்துச் செருகி, வாசலில் நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கட்டிலை அவர் தமக்கு வேண்டிய ஒருவருக்காக விரித்திருந்தார். அழகாக இருந்தது என்று அவருக்குத் தோன்றியது. (இந்த வாக்கியத்தை எழுதியபோது, அவரைக் கையைப் பிடித்து நிறுத்த விரும்பினேன். எழுதுபவளுக்கு அந்த உரிமை இல்லை. இருந்தால் கதைகளே இரா.)

6

இளையவள் ஒரு பெட்டியுடன் வந்தாள். மேடைமேல் ஏறி உட்கார முயன்று, முடியாமல், முக்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் அதற்குச் சிரித்தார்கள்.

"எங்க என் ரூம்?"

மூத்தவர் கதவைத் திறந்தார்.

இளையவள் வாசலில் நின்றாள். பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அக்காளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, என்னை அட்மிட் பண்ணிட்டியா?"

"போடி! முதுகுக்கு நல்லது. அந்தக் கைப்பிடியைச் சுத்தினா தலைப்பக்கம் நிமிரும். சாஞ்சு உக்காந்து படிக்கலாம்."

"காலையில வந்து சூடு பாப்பியா? ஊசி எத்தனை மணிக்கு?"

"வாயைக் குறைச்சா ஊசி கிடையாது."

இளையவள் சிரித்துக்கொண்டே கட்டிலின் கால்பக்கம் போனாள். குனிந்தாள். தேடாமலே கை கைப்பிடியில் விழுந்தது. உள்ளே மடங்கியிருந்த பிடியை விரலால் தட்டி வெளியே இழுத்து, உடலை ஒரு பக்கம் சாய்த்து, அரைச் சுற்றாக, அரைச் சுற்றாகச் சுற்றினாள். தலைப்பக்கம் மெல்ல எழுந்தது. படுத்திருப்பவருக்கு வலிக்காமல் எவ்வளவு மெதுவாகச் சுற்றவேண்டுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். "போதுமா?" என்று தலையணையைப் பார்த்துக் கேட்க வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் மூத்தவருக்கு உறைத்தது. இளையவளின் கணவர் கடைசி இரண்டு மாதங்கள் தம் வீட்டில் இப்படிப்பட்ட கட்டிலில்தான் கிடந்தார். அதை வாடகைக்கு அமர்த்தி அனுப்பியவரே மூத்தவர்தாம். எந்தக் கைப்பிடி எளிதாகச் சுற்றும் என்று பார்த்துத் தேர்ந்தவரும் அவரே.

[மெய்ப்புத் திருத்துநர் ஓரத்தில் வைத்திருந்த கேள்விக்குறியை இங்கே அழித்திருக்கிறார்.]

"நான் ஒரு மடச்சி," என்றார் மூத்தவர். "நாளைக்கே இதைத் தூக்கச் சொல்றேன்."

"இருக்கட்டும்க்கா. நல்ல கட்டில்தான்." இளையவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "என்ன ஒண்ணு, இதுல படுக்கறவங்க யாரும் இங்கயே இருக்கணும்னு நினைக்க மாட்டாங்க. எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்கன்னுதான் கேப்பாங்க."

"அதுக்குத்தானே கட்டில்," என்றார் மூத்தவர், பழக்கத்தால்.

சொன்ன பிறகு அதைத் தாமே கேட்டார். தம் கட்டில்கள் காலியானபோதெல்லாம் மகிழ்ந்தவர் அவர். எழுந்து நடந்து வாசலைத் தாண்டிப் போனவர்களின் முதுகுகளே அவர் கண்ட வெற்றிகள். ஒருவரைப் போகவைக்க அவருக்குத் தெரியும். இருக்கவைக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"நான் இங்கயே வந்துடணும்னு நினைக்கிறியாக்கா?"

"நினைச்சா தப்பா?"

"தப்பில்ல." இளையவள் விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியிலிருந்து உருவினாள். "கல்யாணம் ஆகுற வரைக்கும் நீ எழுப்புவே, எந்திரிப்பேன். அப்புறம் அவர் தூங்கினா தூங்குவேன், முழிச்சா முழிப்பேன். இப்பத்தான் காலையில எந்திரிச்சு டீ வேணுமா வேணாமான்னு நானே யோசிக்கிறேன். சில நாள் வேணாம்னு முடிவு பண்றேன். சொன்னா சிரிப்பே."

"சிரிக்கலை."

"அழுதுட்டே இருக்கேன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அழறேன்தான். அழுதுட்டு, ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டுச் சமைக்கிறேன். இதை உன்கிட்டத்தான் சொல்ல முடியும். உன்கிட்டயே சொல்லவும் முடியலை. நீ பாட்டுக்கு ரூமை ஒழிச்சு வச்சிருக்கே."

மூத்தவர் இஸ்திரி மேசையின்மேல் கையூன்றி நின்றார். தனியே இருப்பதன் சுவையை இந்த உலகில் எவரைக்காட்டிலும் நன்கு அறிந்தவர் அவர். அதுதான் அவருக்கு வலித்தது.

7

முடிவுகள்.

முதலில் எழுதியதில் இளையவள் அன்று மாலையே பேருந்தேறிப் போகிறாள். அக்காள் நிறுத்தத்தில் கையசைக்கிறார். நன்றாகவே வந்திருந்தது, கிழித்தேன். ஒரு தவறான கட்டிலுக்கு அவ்வளவு பெரிய தண்டனை வேண்டுவதில்லை.

அடுத்ததில் மூத்தவர் உடைந்து அழ, இளையவள் மனமிரங்கி நிலையாகத் தங்கிவிடுகிறாள். அழுகையைக் கொடுத்து ஆளை வாங்கும் கதையை நான் எழுதுவதில்லை. அதில் இளையவளின் ரேடியோ எங்கே போயிற்று?

இனி வருவது இவர்களே பேசியது. நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவே.

மறுநாள் காலை இருவரும் மரச்சாமான் கடைக்குக் கிளம்ப வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, இளையவள் சொன்னாள்:

"இப்படி வச்சுக்கலாம்க்கா. நான் வந்தா, வந்த அன்னிக்கே எப்பப் போறேன்னு சொல்லிடுவேன். நீ கேக்க வேண்டாம், நானும் மறைக்க வேண்டாம். இந்தத் தடவை நாலு நாள். நேத்தே சொல்லியிருக்கணும், கட்டில் பேச்சுல போயிடுச்சு."

"நாலு நாளா?"

"நாலு. அஞ்சாவது நாள் இருன்னு சொல்லக் கூடாது."

"சொன்னா?"

"உடனே பெட்டியை எடுத்துடுவேன்."

மூத்தவர் குனிந்து செருப்பின் வாரை மாட்டினார். வார் எப்போதோ மாட்டியாகிவிட்டிருந்தது.

"சொல்லாம இருந்தா?"

இளையவள் ஏற்கெனவே இரண்டு படி இறங்கியிருந்தாள்.

"சொல்லாம இருந்துதான் பாரேன்."

இதை எப்படிப் படிப்பது என்று என்னைக் கேட்பீர்கள். அவள் கேலியாகச் சொன்னாளா, வாக்களித்தாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா? அவள் முகம் படியைப் பார்த்திருந்தது. மூத்தவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் நமக்கு அவளுடைய நரைத்த உச்சி மட்டுமே தெரிந்தது. முன்னால் போய் நின்று பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலைக்காகத் தனியே ஒரு தாள் எடுத்துவைத்தேன். "ஐந்தாம் நாள் காலை மூத்தவர் வழக்கத்தைவிட முன்னதாக விழித்து, அந்த அறையின் கதவருகே—" என்று தொடங்கினேன். அந்தத் தாள் அப்படியே இருக்கிறது.

இறுதியாக முடிவானவை பின்வருமாறு. இரும்புக் கட்டில் கடைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மரத்தாலான ஒற்றைக் கட்டில் ஒன்று வாங்கப்பட்டது, தேர்ந்தவள் இளையவள். விற்பனையாளர் எவ்வளவு சொல்லியும் அவள் படுத்துப் பார்க்கவில்லை. கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, இது போதும் என்றாள். அதைச் சன்னலுக்குக் கீழே போடுவது என்றும், இஸ்திரி மேசையைக் கூடத்துக்கு மாற்றுவது என்றும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். காலையில் இளையவளை யாரும் எழுப்புவதில்லை என்று முடிவாயிற்று. ஐந்தாம் நாளைப் பற்றி மூத்தவர் பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று. அந்த முடிவு என்னையும் கட்டுப்படுத்தும்.